பனிக்குள் புதைந்த பலகை

பலகையை உயர்த்துவது என் வேலை.

எங்கள் மலையில் நவம்பரில் ஆள் உயரத்துக்கு நட்ட பலகை கிறிஸ்துமஸுக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ஜனவரியில் காணாமலே போய்விடும். பலகை இறங்குவதில்லை, பனிதான் ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு பெரிய பனிக்கும் பிறகு பனிவண்டிச் சங்கத்திலிருந்து யாராவது மேலே போய், பலகைகளைத் தேடித் தோண்டி, கம்பத்தை உருவி, புதுப்பனியின் மேல் மறுபடி நட்டுவிட்டு வர வேண்டும். ஆறு குளிர்காலமாக அந்த 'யாராவது' நான்தான்.

மொத்தம் ஏழு பலகைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இதற்கு அப்பால் காரிபூ மான்களின் இடம், பனிவண்டிகள் போகக் கூடாது. ஏழாவது பலகை கடைசி மேட்டின் உச்சியில், மின்னல் பிளந்த ஒரு தேவதாரு மரத்துக்குப் பத்தடி இடப்புறம் இருக்கிறது. அதற்கு அப்பால் நிலம் குழிந்து இறங்கும். எங்களுக்கு அது 'கிண்ணம்', வேறு பெயர் கிடையாது. வடக்குப் பார்த்த சரிவு என்பதால் வெயில் படாது, பனி கெடாது. அந்த இடத்தை மூடுவதற்கு முன்னால், என் பத்தொன்பதாவது வயதில், ஆழமான பொடிப்பனியில் வண்டி ஓட்ட நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகை புதைந்திருந்தது, எல்லை தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இருந்தது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் அந்த இடத்தில் சரியாகப் போய் நிற்பேன்.

அது பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான்கு நாள் விடாமல் கொட்டிய பனி விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. வழக்கமாக என்னோடு வரும் மர்னாவுக்குக் காய்ச்சல். மர்னாதான் எங்கள் சங்கத் தலைவி. ஊர் முனையில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறாள்.

"தனியா போகாதடி," என்று போனில் இருமினாள். "எல்மரைக் கூட்டிட்டுப் போ."

"அவனுக்கு இன்னிக்கு டூரிஸ்ட் இருக்காங்க."

"அப்போ நாளைக்குப் போ. பலகை எங்கயும் ஓடிடாது."

"நாளைக்குள்ள வெளியூர்க்காரன் எவனாவது உள்ள புகுந்து தடம் போட்டுட்டா?"

இப்படிக் கேட்டது நான்தான். இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் கேட்கிறது.

வண்டிகளை இறக்கும் மைதானத்தில் எல்மர் ஏற்கெனவே நின்றிருந்தான். எல்மர் என் கணவன் சைமனின் தம்பி. நான்கு டூரிஸ்டுகளை வரிசையாக நிற்க வைத்து, பனிச்சரிவில் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒவ்வொருவர் நெஞ்சிலும் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் பார்வை நேராக என் வண்டியின் புகைக்குழாய் மேல் இருந்த தகர டப்பாவுக்குப் போனது.

"அண்ணி, டப்பாவுல என்ன?"

"பீரஹி. மாவுக்குள்ள உருளைக்கிழங்கு வெச்சுச் சுட்டது."

"மேல போறதுக்குள்ள சூடாயிடும். நாலு இருந்தா ரெண்டு எனக்கு."

"டெனீஸ் உனக்குச் சாப்பாடு கட்டித் தரலையா?"

"தந்தா. கட்டி முடிக்கறதுக்குள்ள தின்னுட்டேன்." டூரிஸ்டுகள் பக்கம் திரும்பினான். "இவங்கதான் எங்க அண்ணி. இந்த மலையில இவங்க பின்னாடி ஒரு நாள் போனா ஒரு வருஷப் படிப்பு. ஆனா வண்டியை நிறுத்தறதை மட்டும் பாத்துக் கத்துக்காதீங்க. இடது பக்கமா ரெண்டு தடவை சுத்திட்டுத்தான் நிப்பாங்க, முட்டையிட இடம் பாக்குற கோழி மாதிரி."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆழமான பனியில் சும்மா நிறுத்தினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு ஒரு மணி நேரம் தோண்ட வேண்டும். மற்றவர்கள் மூக்கைச் சரிவுப் பக்கம் திருப்பி நிறுத்துவார்கள். நான் இரண்டு வட்டம் அடித்துப் பனியை அமுக்கிக்கொண்டு நிறுத்துவேன். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் வட்டம் எப்போதும் இடப்பக்கம்தான்.

எல்மருக்கு ஒரு பழைய கறை உண்டு. இரண்டு வருடம் முன்பு கிண்ணத்துக்குள் போய், போகவே இல்லை என்று சாதித்து, கடைசியில் மாட்டிக்கொண்டான். அபராதமும் சங்கத்திலிருந்து நீக்கமும் சேர்ந்தே வந்தன. இந்தக் குளிர்காலம்தான் திரும்பச் சேர்த்திருந்தார்கள், இன்னொரு முறை என்றால் நிரந்தரமாக வெளியே என்ற நிபந்தனையோடு. சங்கத்தின் அட்டை இல்லாதவனை டூரிஸ்டுகளோடு மலைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த வேலையில் அவன் நிலைத்த பிறகுதான் டெனீஸ் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். ஜூனில் நாள் குறித்திருந்தார்கள்.

ஆறு பலகைகளை முடித்துக்கொண்டு நான் கடைசி மேட்டுக்கு ஏறியபோது மதியம் ஆகிவிட்டது. மேகம் முழுக்க விலகியிருந்தது. மின்னல் பிளந்த மரம் நின்றது. பத்தடி இடப்புறம் பலகை இல்லை. அது இருந்த இடத்தில் பனி வழவழப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. அதற்கு அப்பால் கிண்ணம் முழுக்க அதே வழவழப்பு.

மண்வாரியை முதுகிலிருந்து கழற்றினேன். பிறகு கழற்றிய கையாலேயே மறுபடி மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, பலகையை எழுப்புவதற்கு முன்னால், என்று நினைத்தேன். எழுப்பிவிட்டால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும்.

வண்டி விளிம்பைத் தாண்டியதும் சத்தம் மாறியது. இறுகிய பனியில் வண்டி உறுமும், பொடிப்பனியில் முனகும். இரண்டு காலையும் ஒரே பக்கப் படியில் வைத்து, கைப்பிடியை என் பக்கம் இழுத்து, வண்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அது சரிவின் குறுக்கே படகு மாதிரிச் சாய்ந்துகொண்டே போனது. பனி முகப்பின் மேல் ஏறி வந்து மார்பில் மோதி, தலைக்கவசத்தைத் தாண்டிப் பின்னால் போனது. சில நொடிகள் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பெருவிரலால் விசையை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மூச்சு வாங்க ஒரு இடைவெளி கிடைக்கும், பிறகு மறுபடி வெள்ளை. அடியில் தரை இருப்பதே மறந்துவிட்டது. முப்பத்துநான்கு வயது, முழங்கால் வலி, புதன் முதல் வெள்ளி வரை பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்காருவது எல்லாம் மறந்துவிட்டது. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு தடவை மூன்று தடவையானது.

மூன்றாவது தடவை கிண்ணத்தின் எதிர் ஓரம் வரை போய், மரக்கூட்டத்தின் அருகே இரண்டு வட்டம் அடித்து வண்டியை நிறுத்தினேன். ஒரே அமைதி. தேவதாரு கிளைகளிலிருந்து கறுப்புத் தாடி போல மரப்பாசி தொங்கியது. பனிக்காலம் முழுக்கக் காரிபூக்களுக்கு அதுதான் உணவு. டப்பாவைத் திறந்து சூடான பீரஹியைக் கடித்தபோதுதான் பார்த்தேன். வண்டியிலிருந்து நான்கடி தூரத்தில் குளம்படி. தட்டு மாதிரி அகலமாக, பிறை நிலா இரண்டைச் சேர்த்து வைத்தது போல. ஓரம்கூட உதிராத புதுக் குளம்படி.

கையிலிருந்த பீரஹியைத் தின்று முடித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மேலே ஏறி, ஏழாவது பலகையைத் தோண்டி எடுத்து உயரமாக நட்டேன். அடிவாரக் குடிசையில் இருக்கும் சங்கத்தின் குறிப்பு நோட்டில் எழுதினேன்: 'ஏழும் உயர்த்தியாயிற்று. அப்பால் தடம் எதுவும் இல்லை.' அன்றிரவு மறுபடி பனி என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. என் தடத்தை அது மூடிவிடும், விடிந்தால் நான் எழுதியது உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அன்றிரவு பனி பெய்யவில்லை. அடுத்த ஐந்து நாளும் பெய்யவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சைமன் சமையலறை மேஜையில் மரப்பாசியைக் குவித்து வைத்து, அதிலிருந்து குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மான் காப்பகத்தில் வேலை பார்க்கிறான். மார்ச் கடைசியில் சினை மான்களை மலையில் பிடித்து ஹெலிகாப்டரில் இறக்கி, ஏரிக்கு மேலே வேலி போட்ட காட்டுக்குள் வைத்து, குட்டி போட்டு அவை ஓடத் தொடங்கும் வரை காவல் காப்பார்கள். அதற்காக ஊரே மூட்டை மூட்டையாகப் பாசி சேகரித்துக் கொடுக்கும். குச்சி பொறுக்குவதுதான் பெரிய வேலை. எட்டு வருடம் முன்பு ஊர்க் கூடத்தில் ஒரு பாசிக் குவியலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்ததில்தான் எங்கள் கல்யாணமே நடந்தது.

"கடைசிப் பலகை கெடச்சுதா?" என்றான் நிமிராமல்.

"ம்."

"பதினேழாம் நம்பர் மான் அங்கதான் இருக்கா. ரெண்டு நாளா கிண்ணத்து ஓரத்துலயே நிக்கறா, கழுத்துப் பட்டை காட்டுது. எச்சத்தைச் சோதிச்சுப் பாத்தாச்சு. இந்த வருஷமும் குட்டி இருக்கு."

"அவளைப் பத்திப் பேசறப்ப உன் மூஞ்சியைப் பாக்கணும். எனக்குப் பொறாமையா இருக்கு."

"என் கால் விரலை மிதிச்சு உடைச்சவ அவ. நீ இன்னும் ஒண்ணும் உடைக்கல," என்று சிரித்தான்.

நான் போர்ஷ், அதாவது பீட்ரூட் சூப், சூடு பண்ணப் போனேன்.

சனிக்கிழமை காலை அவன் போனுக்குச் செய்தி வந்தது. பதினேழாம் நம்பர் பட்டை பன்னிரண்டு மணி நேரமாக அசையவில்லை. அவனும் காப்பகத்து ஆட்களும் ஹெலிகாப்டரில் போய்த் திரும்பும்போது மாலை நான்காகிவிட்டது. சைமன் பட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஈரமாக இருந்தது. கழுவியிருக்கிறான்.

"ஓநாயா?" என்று கேட்டேன்.

"நாலு."

"அவ்ளோ மேலயா? அந்த ஆழத்துல அதுங்களால எப்படி..."

பதில் தெரிந்த கேள்வியை அவனிடம் கேட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான். "பலகை வரைக்கும் நம்ம பாதை இருக்கு, அதுல ஓநாய் வரும். அதுக்கு அப்பால அவளுக்குப் பனிதான் வேலி. அவ காலு அகலம், மேலேயே நடப்பா. ஓநாய் நெஞ்சு வரைக்கும் முங்கிடும். ஆனா யாரோ உள்ள வண்டி ஓட்டியிருக்காங்க. ராத்திரிக் குளிர்ல தடம் சிமென்ட் மாதிரி இறுகிடுச்சு. ஒண்ணு காலடி மேல ஒண்ணு வெச்சு, ரோட்டுல வர்ற மாதிரி வந்திருக்கு. தடம் முடியற எடத்துல இருந்து நூறடி கூட அவளால ஓட முடியல."

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ செவ்வாய்க்கிழமை தடம் இல்லன்னு எழுதியிருக்க. மர்னாகிட்ட கேட்டேன். அப்போ புதன், இல்ல வியாழன். ரெண்டு நாளும் பக்கத்துச் சரிவுல தனியா ஓட்டினது ஒரே ஆளுதான். தடமும் அவன் வண்டி மாடலோடதுதான்."

"யாரு?"

"உனக்குத் தெரியாதா? என் தம்பி."

நானும் எல்மரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய வண்டிகள் அவை. என் வாய் திறந்தது. "சாப்பிடறியா?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை எல்மர் வீட்டுக்கு வந்தான். சைமன் வேலைக்குப் போயிருந்தான். நான் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தேன், கை முழுக்கச் சிவப்பு. அவன் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே, காலணியைக் கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்த போட்டோவை மர்னா காட்டினாங்க," என்றான்.

நான் சீவுவதை நிறுத்தவில்லை.

"நல்லா விழுந்திருக்கு. மூணு வளைவும் இடது பக்கமாவே சாயுது. ஓரத்துல ரெண்டு வட்டம்."

கத்தி நின்றது.

"எத்தனை வருஷம் உங்க பின்னாடி ஓட்டியிருக்கேன் அண்ணி? உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எல்மர்..."

"நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"வேலை போயிடும்டா உனக்கு."

"வேற வேலை பாக்கறேன். மரம் அறுக்கற மில்லுல ஆள் எடுக்கறாங்களாம்."

"டெனீஸ்?"

"நான் போகலன்னு சொன்னேன். நம்பறா. அவ ஒருத்தி நம்பறா, அது புதுசா இருக்கு, நல்லா இருக்கு." தொப்பியைக் கையில் சுருட்டினான். "என் பேரு ஏற்கெனவே கெட்டது. அழுக்குச் சட்டையில இன்னொரு கறை, யாருக்குத் தெரியப் போகுது? உங்க வீட்ல அப்படியில்ல. அண்ணனுக்கு இது தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்."

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்து நேராக சைமனிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். நான் செய்தது, துணியில் கை துடைத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் பீரஹி போட்டு அவனிடம் கொடுத்தது. அவன் வாங்கிக்கொண்டான். "ரெண்டு போதும்னு சொன்னேன், எட்டு வெச்சிருக்கீங்க," என்று சிரிக்கப் பார்த்தான். அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன். எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

வியாழன் மாலை ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். முப்பது பேர் இருந்தோம். மர்னா அந்தப் போட்டோவைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். என் சிரிப்பு முழுக்க அந்தச் சுவரில் கிடந்தது. மூன்று நீள வளைவுகள், ஓரத்தில் இரண்டு வட்டம், வட்டத்திலிருந்து மரங்களுக்குள் போகும் குளம்படிகள், அவற்றின் மேல் வேறு காலடிகள்.

மர்னா நோட்டைப் பிரித்து நான் எழுதிய வரியை வாசித்தாள். பிறகு எல்மரைப் பார்த்தாள்.

"நான் போகல," என்றான் அவன். "அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இதையேதான் சொன்ன," என்றார் யாரோ பின்னாலிருந்து.

"அப்போ பொய் சொன்னேன். அதனால எனக்கு வித்தியாசம் தெரியும்."

சிலர் சிரித்தார்கள். சைமன் சிரிக்கவில்லை. அவன் எழுந்து நின்றான். கூட்டங்களில் அவன் பேசி நான் பார்த்ததில்லை.

"அவன் என் தம்பி. சின்ன வயசுல அவன் உடைச்ச ஜன்னலுக்கெல்லாம் நான் பழியை ஏத்துக்கிட்டேன். இதுக்கு முடியாது. அவ வயித்துல குட்டி இருந்துச்சு. இந்த மலையில இருந்ததே இருபத்தாறு மான், இப்போ எத்தனைன்னு நீங்களே எண்ணிக்கோங்க. அவனை நீக்கறதுக்கு முதல் கை என்னோடது."

கையைத் தூக்கினான். எல்மர் அண்ணனின் கையைப் பார்த்தான், பிறகு தன் காலணிகளைப் பார்த்தான். ஒவ்வொரு கையாக எழுந்தது. என் பக்கத்தில் இருந்தவள் என்னை முழங்கையால் இடித்தாள். பலகைக்காரி கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

நான் எழுந்து சுவர் வரைக்கும் நடந்தேன். போட்டோவின் வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது. அந்த இரண்டு வட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

"இது நான் வண்டியை நிறுத்தின எடம்," என்றேன். "தடம் என்னோடது. செவ்வாய்க்கிழமை. எல்மர் இல்ல."

"ஆனா நோட்டுல நீ..." என்றாள் மர்னா.

"பொய்யா எழுதினேன்."

"பலகை புதைஞ்சு போயிருந்துச்சா?" மர்னா என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "எல்லை தெரியலையாடி?"

"தெரிஞ்சுது. போகணும்னு போனேன். அப்புறம்தான் தோண்டி நட்டேன்."

தூக்கிய கைகள் எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக இறங்கின. சைமனின் கைதான் கடைசி.

வீட்டுக்கு வரும் வழியில் ஏரிப் பாலத்தைத் தாண்டியதும் கேட்டான். "அங்க அவ காலடி இருந்திருக்குமே. நீ வண்டி நிறுத்தின எடத்துல. பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் தலையசைத்தான். என்னை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு எல்மர் வீட்டுக்குப் போனான்.

அங்கே நடந்ததை எல்மர்தான் பிறகு சொன்னான். தாத்தா காலத்தில் வேறு நாட்டிலிருந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களில் பெரிய தப்புக்கு மன்னிப்புக் கேட்பதென்றால் தலை தரையைத் தொடக் குனிய வேண்டும். சைமன் படிக்கட்டுப் பனியில் அப்படிக் குனிந்திருக்கிறான். "எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி. சாவி கீழ விழுந்துடுச்சோன்னு நானும் குனிஞ்சு தேடினேன். ரெண்டு பேரும் தலையை முட்டிக்கிட்டோம்," என்றான் எல்மர். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

என்னைச் சங்கத்திலிருந்து மூன்று வருடம் நீக்கினார்கள். வனத்துறைக்கு நானே போய் எழுதிக் கொடுத்தேன், அபராதம் கட்டினேன். இதெல்லாம் எளிதாக இருந்தது. சைமன் காப்பகத்து வேலியைச் சரிபார்க்க வேண்டுமென்று மலைக்குப் போனதும், மூன்று வாரம் அங்கேயே தங்கியதும்தான் கடினம். கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தினமும் ஒரு செய்தி வரும். 'வேலி முடிந்தது.' 'இங்கே மழையும் பனியும்.' அவ்வளவுதான்.

மார்ச் நடுவில் மறுபடி பெரிய பனி. அது ஓய்ந்த இரண்டாம் நாள் காலை எல்மர் என் வாசலில் வந்து நின்றான்.

"பலகையெல்லாம் புதைஞ்சிடுச்சு. யாருக்கும் எடம் சரியாத் தெரியல. மர்னா நேத்து ஒரு மணி நேரம் தோண்டி ஒரு பாறையைக் கண்டுபிடிச்சாங்க."

"நான் ஓட்டக் கூடாதுடா."

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. பின்னாடி உக்காரக் கூடாதுன்னு சொல்லல. மர்னாகிட்ட கேட்டுட்டேன்."

பதினைந்து வருடத்தில் நான் யார் பின்னாலும் உட்கார்ந்து போனதில்லை. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் என் உடம்பு தானாகச் சாய்வதை அடக்கிக்கொண்டு, மூட்டை மாதிரிப் போனேன். மைதானத்தில் இருந்த இரண்டு பேர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். கடைசி மேட்டில் நான் கை காட்டிய இடத்தில் தோண்டினோம். மூன்றாவது வெட்டிலேயே பலகை தட்டியது. எல்மர் கம்பத்தை உருவினான், நான் நட்டேன். கிண்ணம் மறுபடி வழவழவென்று கிடந்தது. என் தடம் எங்கேயும் இல்லை. அறிக்கை சொன்னபடி அன்றிரவே பனி பெய்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது, நானும் நல்லவளாகவே இருந்திருப்பேன். அதை நினைத்தபோது பலகையைப் பார்க்கக் கூசியது.

"போலாமா அண்ணி?" என்றான் எல்மர். அவன் வண்டியைத் திருப்பும்போது வேண்டுமென்றே இடப்பக்கமாக ஒரு முழு வட்டம் அடித்தான். கேலியா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு சைமன் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் மான்களை இறக்கப் போகிறார்கள். வாசலில் ஆறு மூட்டைப் பாசி வைத்திருந்தேன், மூன்று வாரமாக நானும் எல்மரும் டெனீஸும் சேர்த்தது. ஒன்றைத் தூக்கி வந்து மேஜையில் கொட்டினான். எதிரில் உட்கார்ந்தான். குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

நான் அடுப்பருகே நின்றேன். உட்காரலாமா என்று தெரியவில்லை.

தட்டில் குச்சிகள் சேர்ந்த பிறகு, நிமிராமல் கேட்டான். "அன்னிக்குப் பனி எப்படி இருந்துச்சு?"

'ஞாபகம் இல்லை' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கவும் கூடும்.

"நல்லா இருந்துச்சு," என்றேன். "அவ்ளோ நல்ல பனியை நான் பாத்ததே இல்ல, சைமன்."

அவன் கை நின்றது. கையிலிருந்த குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டான். பிறகு குவியலைக் கையால் பிரித்து, பாதியை மேஜையின் என் பக்கம் தள்ளினான்.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். என் பக்கத்துப் பாசியில் குச்சிகள் நிறைய இருந்தன.